ஓடுகிற மீடியா சர்வரின் ஓஎஸ்ஸை மாற்றலாமா? பலரும் சறுக்கும் இடங்கள்

லினக்ஸ் ஓஎஸ் (இயங்குதளம்) வகைகளில் ஒன்றான டெபியனின் 13-ஆம் பதிப்பு வந்தது 2025 ஆகஸ்டில். வீட்டில் டெபியன் 12 போட்டு, அதில் ஜெல்லிஃபினோ பிளெக்ஸோ (கணினியில் சேமித்த படங்களை டிவிக்கு அனுப்பும் மீடியா சர்வர் மென்பொருள்கள்) ஓட்டுகிறவர்களுக்கு அப்போதிருந்தே கை அரித்துக்கொண்டிருக்கும். டிவியில் படம் தடங்கலில்லாமல் ஓடுகிறது, ஆனாலும் பழைய பதிப்பிலேயே இருக்கிறோமே என்று ஓர் உறுத்தல். அந்த உறுத்தலை வைத்து முடிவெடுப்பதுதான் முதல் தவறு. பதிப்பு எண்ணை விடுங்கள், ஆதரவு முடியும் தேதியைப் பாருங்கள். டெபியன் 12-க்கு முழு ஆதரவு 2026 ஜூன் வரை. அதன்பிறகும் 2028 ஜூன் வரை எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) குழு பாதுகாப்புத் திருத்தங்களைத் தரும். இன்னொரு லினக்ஸான உபுண்டுவின் 20.04 பதிப்புக்கு வழக்கமான ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்துவிட்டது. உபுண்டு ப்ரோ என்ற நீட்டித்த ஆதரவுத் திட்டத்தில் பதிந்துகொண்டால் (சொந்த உபயோகத்துக்கு 5 கணினி வரை இலவசம்) 2030 வரை ஓட்டலாம். தேதி தள்ளி இருந்தால் அவசரமே இல்லை.

இதற்கு நேர் எதிரான ஆட்களும் உண்டு. "ஓடுறதத் தொடாதே" என்று எல்லா அப்டேட்டையும் நிறுத்தி வைத்துவிடுவார்கள். இங்கே மூன்று விஷயங்கள் ஒன்றாகக் குழம்புகின்றன: ஓஎஸ்ஸுக்கு அவ்வப்போது வரும் பாதுகாப்புத் திருத்தம், மீடியா சர்வர் மென்பொருளின் புதுப்பதிப்பு, ஓஎஸ்ஸையே அடுத்த வெளியீட்டுக்கு மாற்றுவது. மூன்றாவதை எவ்வளவு வேண்டுமானாலும் ஆறப்போடலாம், ஆதரவுத் தேதி தாண்டாதவரை. முதல் இரண்டை அப்படிப் போட முடியாது. 2022-இல் கடவுச்சொற்களைச் சேமித்துத் தரும் லாஸ்ட்பாஸ் நிறுவனத்துக்கு நடந்ததைப் பாருங்கள். அதன் பொறியாளர் ஒருவரின் வீட்டுக் கணினிக்குள் தாக்குதல்காரர்கள் நுழைந்தது, அதில் இருந்த பழைய பிளெக்ஸ் வழியாக. அந்த ஓட்டையை பிளெக்ஸ் 2020 மே மாதமே அடைத்துவிட்டது. அவர் அப்டேட் செய்யவே இல்லை. ரவுட்டரில் போர்ட் திறந்து வெளியூரிலிருந்தும் படம் பார்க்கிறவர்கள் இதை மனதில் வைப்பது நல்லது.

இன்னொரு பக்கம், ஒரு வசதிக்காக முழு ஓஎஸ்ஸையும் மாற்றக் கிளம்புவது. இன்டெல் ஆர்க் ஏ380 கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் போட்டீர்கள், டெபியன் 12 அதைச் சரியாகக் கண்டுகொள்ளவில்லை என்று வையுங்கள். காரணம் கெர்னல், அதாவது வன்பொருளைக் கையாளும் ஓஎஸ்ஸின் மையப்பகுதி. டெபியன் 12-இல் இருப்பது 6.1, ஆர்க் கார்டுகளுக்குத் தனி அமைப்பு எதுவும் செய்யாமலே ஆதரவு கிடைப்பது 6.2 முதல். பேக்போர்ட்ஸிலிருந்து (பழைய வெளியீட்டுக்கென டெபியன் தரும் புதிய மென்பொருள் தொகுப்பு) புதிய கெர்னலை மட்டும் எடுத்துக்கொண்டால் பெரும்பாலும் போதும், மற்றதெல்லாம் இருந்தபடியே இருக்கும்.

சரி, மாற்றியே ஆக வேண்டும் என்று ஆகிவிட்டது. அப்போது பெரும்பாலானவர்கள் பேக்கப் என்று நினைப்பது படக் கோப்புகளைத்தான். படங்கள் தனி ஹார்ட் டிஸ்கில் இருக்கின்றன, ஓஎஸ் மாற்றம் வழக்கமாக அவற்றைத் தொடாது. போனால் வலிப்பது வேறு: யார் எந்தத் தொடரில் எந்த எபிசோட் வரை பார்த்தார்கள், உட்கார்ந்து கையால் திருத்திய படப் பெயர்கள், பிள்ளைகளுக்குத் தனியாகப் போட்ட கணக்கு. டெபியன் பேக்கேஜாக நிறுவிய ஜெல்லிஃபினில் இவை வார்-லிப் (/var/lib/jellyfin) அடைவுக்குள் (ஃபோல்டர்), அமைப்புகள் ஈடிசிக்குள் (/etc/jellyfin) இருக்கும். சர்வீஸை நிறுத்திவிட்டு நகலெடுங்கள். ஓடும்போது எடுத்த டேட்டாபேஸ் நகலை நம்ப முடியாது. இன்னொன்று, ஓஎஸ்ஸையும் ஜெல்லிஃபினையும் ஒரே ராத்திரியில் மாற்றாதீர்கள். 2025 அக்டோபரில் வந்த 10.11 பதிப்பு டேட்டாபேஸ் அமைப்பையே மாற்றியது. பேக்கப் இல்லாமல் அதிலிருந்து பழைய பதிப்புக்குத் திரும்ப வழியில்லை. இரண்டையும் சேர்த்துச் செய்துவிட்டு ஏதாவது உடைந்தால், எது உடைத்தது என்று தேடுவதற்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

அதிகம் பேசப்படாத ஆபத்து டிஸ்க் மவுன்ட்டில், அதாவது டிஸ்கை ஓர் அடைவில் இணைப்பதில் இருக்கிறது. எந்த டிஸ்க் எங்கே இணைய வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் (/etc/fstab) கோப்பில் டிஸ்கை எஸ்டிபி1, எஸ்டிசி1 என்று எழுதி வைத்திருந்தால், புதிய கெர்னலில் அந்தப் பெயர்கள் இடம் மாறிப் போகலாம். மவுன்ட் ஆகவில்லை என்றால் அந்த இடத்தில் இருப்பது ஒரு காலி அடைவு. மீடியா சர்வர் அதை ஸ்கேன் செய்து, படமெல்லாம் அழிக்கப்பட்டுவிட்டது என்று முடிவுகட்டி நூலகத்திலிருந்து எடுத்துவிடக்கூடும். பிளெக்ஸில் ஒவ்வொரு ஸ்கேனுக்குப் பிறகும் குப்பையைத் தானே காலி செய்யும் தேர்வு ஒன்று இருக்கிறது. மாற்றத்துக்கு முன் அதை அணைத்துவிடுங்கள். எஃப்எஸ்டேப்பில் டிஸ்குகளையும் யூயூஐடி எண்ணால் (டிஸ்க் பகுதி ஒவ்வொன்றுக்கும் உள்ள தனி அடையாள எண்) குறித்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலைதான்.

வெளியீடுகளைத் தாண்டிக் குதிப்பதும் வேண்டாம். டெபியன் 11-இல் இருந்தால் முதலில் 12, அப்புறம் 13. நேராகப் போவதை டெபியன் ஆதரிப்பதில்லை. உபுண்டுவிலும் 20.04-இலிருந்து 22.04 வழியாகத்தான் 24.04. வெளி ரெபாசிட்டரிகளின் (ஓஎஸ்ஸோடு வராத மென்பொருள்களைத் தரும் தளங்கள்) முகவரியில் இருக்கும் வெளியீட்டுப் பெயரையும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் சர்வர் மென்பொருள் பழைய வெளியீட்டுக்கான பேக்கேஜிலேயே நின்றுவிடும்.

டெபியன் 13-இல் மட்டும் ஒரு பொறி: தற்காலிகக் கோப்புகளுக்கான டெம்ப் (/tmp) அடைவு இப்போது ராமில் இருக்கிறது, அதிகபட்சம் ராமில் பாதி. டிரான்ஸ்கோடிங்குக்கு (பார்க்கும் சாதனத்துக்கு ஏற்றபடி படத்தை ஓடும்போதே மாற்றுவது) அந்த அடைவைக் காட்டி வைத்திருந்தால், 8 ஜிபி ராம் உள்ள கணினியில் அந்த இடம் நிரம்பி 4கே படம் பாதியில் நிற்கும்போது நெட்வொர்க்கைத் திட்டாதீர்கள். அமைப்பில் பாதையை டிஸ்குக்கு மாற்றினால் தீரும்.

என் கணக்கில், இருக்கிற நிறுவலின் மேலேயே மாற்றுவதைவிட சின்ன எஸ்எஸ்டி ஒன்று வாங்கி அதில் புதிதாகப் போடுவதே நிம்மதி. பழைய எஸ்எஸ்டியைக் கழற்றி மேசை டிராயரில் வைத்துவிடலாம். அப்படிச் செய்யும்போது பார்க்க வேண்டியவை இரண்டு. புதிய நிறுவலில் ஜெல்லிஃபின் ஓடும் கணினிப் பயனரின் எண் மாறியிருக்கலாம், அதனால் நகலெடுத்த அடைவுகளின் உரிமையைத் திரும்ப அதன் பெயருக்கு மாற்ற வேண்டும். அந்தப் பயனர் ரெண்டர் குழுவிலும் இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் டிரான்ஸ்கோடிங்குக்கு கிராபிக்ஸ் சிப்பைப் பயன்படுத்த முடியாது. ஒரு மாதம் எல்லாம் ஒழுங்காக ஓடினால் பழைய எஸ்எஸ்டியை அழித்து வேறு எதற்காவது பயன்படுத்திக்கொள்ளலாம்.