சொந்த ஆப்பில் விளம்பரம் வைக்கிறீர்களா?

கூகுள் பிளே ஸ்டோரில் ஆப் வெளியிட, பதிவுக்கு ஒருமுறை 25 டாலர் கட்டினால் போதும். வருமானத்துக்குப் பலரும் முதலில் வைப்பது கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்மாப் தரும் விளம்பரம்தான். ஆனால் உங்கள் ஆப்பில் வரும் விளம்பரத்தை நீங்களே தட்டாதீர்கள், நண்பர்களையும் தட்டச் சொல்லாதீர்கள். கணக்கையே முடக்கிவிடுவார்கள், சேர்ந்த பணமும் போய்விடும். சோதித்துப் பார்க்க டெஸ்ட் விளம்பரங்கள் தனியாக இருக்கின்றன.

அப்புறம், 10 டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்க ஒரு பின் எண் தபாலில் வரும். அதனால் வீட்டு முகவரியைப் பிழையில்லாமல் கொடுங்கள். 100 டாலர் தொட்டால்தான் பணம் வங்கிக்கு வரும். பயனர்கள் குறைவு என்றால் அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். அந்த மாதிரி ஆப்புக்கு, விளம்பரத்தை நீக்க ஒரு சிறு கட்டணம் வைப்பதே மேல் என்பேன். கூகுளின் பங்கு போகத்தான் மீதி கைக்கு வரும், அதையும் பார்த்து விலை வையுங்கள்.