கிரியாட்டினின் 1.1 இயல்பான அளவா? சிறுநீரக ரத்தப் பரிசோதனை அறிக்கையைப் படிக்கும் முறை

சிறுநீரகச் செயல்பாட்டுப் பரிசோதனை அறிக்கை கைக்கு வந்ததும், ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே அச்சிட்டிருக்கும் இயல்பு வரம்பைப் பார்த்து, அதற்குள் இருந்தால் நிம்மதியடைவதும் தாண்டியிருந்தால் பதறுவதும் நம் வழக்கம். இந்தப் பரிசோதனையைப் பொறுத்தவரை அந்த வரம்பு அரைகுறை வழிகாட்டிதான். பரிசோதிக்கப்பட்டவரின் வயது, பாலினம், உடற்கட்டு, அவருடைய முந்தைய அளவுகள் ஆகியவற்றோடு சேர்த்துப் படித்தால்தான் எண்ணுக்குப் பொருள் கிடைக்கும். ஆகவே முதல் வேலையாக, வீட்டில் கிடக்கும் பழைய அறிக்கைகளைத் தேடி எடுத்துத் தேதி வரிசையில் அடுக்கிக்கொள்ளுங்கள். கூடுமானவரை ஒரே ஆய்வகத்திலேயே தொடர்ந்து பரிசோதித்துக்கொள்வது நல்லது. கிரியாட்டினினை அளக்க ஆய்வகங்கள் வெவ்வேறு வேதிமுறைகளைப் பயன்படுத்துவதால், ஆய்வகம் மாறும்போது சிறு வேறுபாடு வரக்கூடும்.

அறிக்கையில் முதலில் பார்க்க வேண்டியது கிரியாட்டினின். தசைகளில் உள்ள கிரியாட்டின் என்னும் பொருள் சிதைவதால் நாள்தோறும் ஏறத்தாழ ஒரே அளவில் உண்டாகும் கழிவு இது. சிறுநீரகம் இதை வடிகட்டி வெளியேற்றுகிறது; வடிகட்டும் திறன் குறைந்தால் ரத்தத்தில் தேங்குகிறது. ஒரு டெசிலிட்டர் ரத்தத்துக்கு ஆண்களுக்கு சுமார் 0.7 முதல் 1.3 மில்லிகிராம் வரையும், பெண்களுக்கு 0.6 முதல் 1.1 வரையும் இயல்பு என்று பொதுவாக அச்சிடுகிறார்கள். பிரிட்டனிலோ ஆஸ்திரேலியாவிலோ எடுத்த அறிக்கையில் 97 என்று இருந்தால் திடுக்கிட வேண்டாம். அங்கே மைக்ரோமோல் கணக்கு, 88.4 ஆல் வகுத்தால் நம் கணக்கில் 1.1 வரும்.

இந்த 1.1 என்ற எண்ணையே எடுத்துக்கொள்வோம். 30 வயது ஆணுக்கும் 65 வயதுப் பெண்ணுக்கும் கிரியாட்டினின் 1.1 என்று வந்தால், இரண்டுமே அச்சிட்ட வரம்புக்குள் அடங்கிவிடும். ஆனால் கிரியாட்டினின், வயது, பாலினம் ஆகியவற்றைக் கொண்டு வடிகட்டும் திறனை மதிப்பிடும், 2021இல் வெளியான சி.கே.டி-எப்பி சூத்திரத்தின்படி கணக்கிட்டால், அந்த இளைஞரின் திறன் சுமார் 93, அந்தப் பெண்ணுடையது சுமார் 56. தசை குறைவாக உள்ள உடலில் கிரியாட்டினின் உற்பத்தியே குறைவு என்பதால், மெலிந்த முதியவர்களிடம் சிறுநீரகப் பாதிப்பு இப்படி ஒளிந்துகொள்வது சாதாரணம். அதே பெண்ணுக்கு அளவு 0.8இலிருந்து 1.1க்கு ஏறும்போது திறன் 82இலிருந்து 56க்கு இறங்குகிறது, 4.0இலிருந்து 4.3க்கு ஏறும்போதோ 12இலிருந்து 11க்குத்தான் இறங்குகிறது. ஏற்றம் இரண்டிலும் 0.3தான். தொடக்கத்தில் ஏற்படும் சிறு உயர்வே பெரிய இழப்பைக் காட்டுகிறது. அந்த நேரத்தில்தான் பலரும் 'பார்டர்தானே' என்று அறிக்கையை மடித்து வைத்துவிடுகிறார்கள்.

மேலே சொன்ன வடிகட்டும் திறன், அறிக்கையில் இ.ஜி.எஃப்.ஆர். என்ற பெயரில் இருக்கும். 1.73 சதுர மீட்டர் உடற்பரப்புக்கு நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் ரத்த நீர் வடிகட்டப்படுகிறது என்பதன் மதிப்பீடு அது. 90க்கு மேல் இயல்பு; 60 முதல் 89 வரை லேசான குறைவு, சிறுநீரில் புரதம் போன்ற வேறு பாதிப்புக்கான அறிகுறி இல்லையென்றால் அது நோயாகக் கருதப்படுவதில்லை. 60க்குக் கீழ் இருக்கும் நிலை 3 மாதங்களுக்கு மேல் நீடித்தால்தான் நாட்பட்ட சிறுநீரக நோய் என்பார்கள். 30க்குக் கீழ் கடுமையான குறைவு, 15க்குக் கீழ் செயலிழப்பு. ஒரே ஒரு அறிக்கையை வைத்து, நாட்பட்ட நோயின் 'மூன்றாம் நிலை' (30 முதல் 59 வரை) என்று தானே முடிவுகட்டிக்கொள்வது தவறு. கர்ப்பிணிகள், கை கால் இழந்தவர்கள், கட்டுமஸ்தான உடற்பயிற்சியாளர்கள், திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பில் இருப்பவர்கள் ஆகியோருக்கு இந்தச் சூத்திரம் சரிவராது. தசை அளவு குழப்பம் தரும் இடங்களில் சிஸ்டாட்டின் சி என்னும் பரிசோதனையை மருத்துவர் எழுதித் தரலாம்.

பரிசோதனைக்கு முந்தைய நாளைப் பற்றியும் ஒரு சொல். கிரியாட்டினினுக்கும், புரதம் சிதைவதால் உண்டாகும் கழிவான யூரியாவுக்கும் வெறும் வயிறு கட்டாயமில்லை. ஆனால் முந்தைய இரவு வயிறார ஆட்டுக்கறி சாப்பிட்டிருந்தாலும், கடுமையாக உடற்பயிற்சி செய்திருந்தாலும், ஜிம்மில் தரும் கிரியாட்டின் பொடியை உட்கொண்டிருந்தாலும் கிரியாட்டினின் சற்று உயரும். சில மருந்துகளும், எடுத்துக்காட்டாக டிரைமெத்தோபிரிம் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி, சிறுநீரகத்தைக் கெடுக்காமலேயே இந்த எண்ணை உயர்த்தும்.

யூரியா, என் கணிப்பில், தேவைக்கு மேல் பயம் காட்டும் எண். நீர்ச்சத்து குறைவு, அதிகப் புரத உணவு, ஸ்டீராய்டு மருந்து, குடலில் ரத்தக்கசிவு என எதுவும் அதை ஏற்றிவிடும்; கல்லீரல் நோயில் அது இறங்கிவிடும். கிரியாட்டினின் இயல்பாக இருந்து யூரியா மட்டும் கூடியிருந்தால், வாந்தி பேதியோ கோடை வெயிலோ காரணமாக இருக்கலாம். சில அறிக்கைகளில் பி.யூ.என். (ரத்த யூரியா நைட்ரஜன்) என்று இருக்கும், அதை 2.14 ஆல் பெருக்கினால் யூரியா கிடைக்கும். இதே பட்டியலில் சேர்த்து அச்சிடப்படும் யூரிக் அமிலம் சிறுநீரகத்தின் திறனை அளப்பதன்று.

பொட்டாசியத்தை மட்டும் அலட்சியப்படுத்தக் கூடாது. இயல்பு அளவு லிட்டருக்கு 3.5 முதல் 5.0 மில்லிமோல், 6ஐத் தாண்டினால் இதயத் துடிப்பையே குலைக்கக்கூடும் என்பதால் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். ரத்தம் எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்தாலோ, கையை இறுக்கி மூடி மூடித் திறந்தாலோ பொய்யான உயர்வும் வரும்; அதை மறுபரிசோதனைதான் உறுதிசெய்யும். ஏற்கெனவே சிறுநீரகக் குறைபாடு உள்ளவர்கள் இளநீரையும், சோடியம் குறைந்த மாற்று உப்பையும் மருத்துவரைக் கேட்காமல் எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டிலும் பொட்டாசியம் நிறைய உண்டு.

ரத்தப் பரிசோதனை மட்டும் போதாது. சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்கு, இ.ஜி.எஃப்.ஆர். இறங்குவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே சிறுநீரில் ஆல்புமின் என்னும் புரதம் கசியத் தொடங்கிவிடலாம். சிறுநீரில் ஆல்புமின், கிரியாட்டினின் விகிதம் கிராமுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழ் இருக்க வேண்டும். 300ஐத் தாண்டினால் கசிவு கடுமையானது. இந்தப் பரிசோதனையை மருத்துவர் எழுதவில்லையென்றால் நீங்களே கேட்டு வாங்கலாம்.

இரண்டு நாட்களுக்குள் கிரியாட்டினின் 0.3 அல்லது அதற்கு மேல் ஏறினாலோ, ஒரு வாரத்துக்குள் ஒன்றரை மடங்கானாலோ அது திடீர்ப் பாதிப்பு, காத்திருக்க நேரமில்லை. ரத்த அழுத்தத்துக்காக ராமிபிரில், டெல்மிசார்ட்டான் வகை மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் 30 சதவீதம் வரை ஏறுவது எதிர்பார்க்கக்கூடியதே. அதைப் பார்த்துப் பயந்து தானாக மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். அதே சமயம், மூட்டுவலிக்கென்று மருந்துக் கடையில் தாமே வாங்கி விழுங்கும் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் மாத்திரைகளின் பெயர்களை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்; அவை சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். இ.ஜி.எஃப்.ஆர். 30க்குக் கீழ் போனால் சர்க்கரைக்கான மெட்ஃபார்மினை நிறுத்த வேண்டியிருக்கும். சாய ஊசி போட்டு ஸ்கேன் எடுக்கும் முன்பும் இந்த எண்ணை அங்கே காட்ட வேண்டியிருக்கும்.