டீ ட்ரீ எண்ணெய்: கிருமிகளுக்கு எதிரான அதன் வீரியமும், பயன்படுத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகளும்

டீ ட்ரீ எண்ணெயைப் பயன்படுத்துவதில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை, இலையிலிருந்து எடுக்கப்பட்ட பொருள் தீங்கு செய்யாது என்ற ஒரே எண்ணத்திலிருந்து பிறக்கின்றன. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் வடகிழக்குப் பகுதியில் இயல்பாக வளரும் மெலலூக்கா ஆல்டெர்னிஃபோலியா என்ற மரத்தின் இலைகளையும் இளங்கிளைகளையும் நீராவியில் வடித்து இந்த எண்ணெயை எடுக்கிறார்கள். அப்பகுதியின் பூர்வகுடிகளான பண்ட்ஜலுங் மக்கள் அந்த இலைகளை நசுக்கிக் காயங்களுக்கு மருந்தாகப் பயன்படுத்தி வந்தார்கள். 1920களில் ஆர்தர் பென்ஃபோல்ட் என்ற ஆஸ்திரேலிய வேதியியலாளர் இதை ஆராய்ந்து, அக்காலத்தின் முக்கியக் கிருமிநாசினியான கார்பாலிக் அமிலத்தைவிட இது 11 மடங்கு வீரியமுடையது என்று அறிவித்தார். அத்தகைய ஒப்பீட்டைப் பெற்ற ஒரு பொருளை, வாசனைத் தைலத்தைப் போல எண்ணிக் கையாளக் கூடாது.

இந்த எண்ணெயில் ஏறத்தாழ 100 வேதிப்பொருள்கள் இருக்கின்றன. அவற்றுள் கிருமிகளுக்கு எதிரான பணியை முதன்மையாகச் செய்வது டெர்பினென்-4-ஆல். கொழுப்பில் கரையும் தன்மையுள்ள இப்பொருள், பாக்டீரியாவையும் பூஞ்சையையும் மூடியிருக்கும் மெல்லிய சவ்வுக்குள் புகுந்து அதன் கட்டமைப்பைக் குலைக்கிறது. உள்ளிருக்கும் பொட்டாசியம் கசிந்து வெளியேறுகிறது, செல்லின் சுவாசம் தடைபடுகிறது, கிருமி மடிகிறது. ஆனால் மனிதத் தோலின் மேலடுக்கைக் காப்பதும் கொழுப்புப் படலமே. எண்ணெயின் செறிவு கூடினால் அந்தப் படலமும் பாதிக்கப்படும். எரிச்சலும் வறட்சியும் அதன் விளைவுகள்.

ஆகவே, புட்டியில் உள்ளதை அப்படியே தோலில் தடவுவதே முதல் தவறு. எவ்வளவு செறிவு போதும் என்பதை ஆய்வுகள் ஓரளவு தெளிவாகவே காட்டியிருக்கின்றன. முகப்பருவுக்கு 5 சதவீத டீ ட்ரீ எண்ணெய் ஜெல்லையும் பருக்களுக்கு வழக்கமாகத் தடவப்படும் மருந்தான பென்சாயில் பெராக்சைடையும் அதே 5 சதவீதத்தில் 124 பேரிடம் ஒப்பிட்ட ஆய்வு 1990இல் ஆஸ்திரேலியாவில் வெளியானது. இரண்டுமே பருக்களைக் குறைத்தன. டீ ட்ரீ எண்ணெய் மெதுவாகச் செயல்பட்டது, ஆனால் பக்கவிளைவுகள் குறைவாக இருந்தன. 2002இல் வெளியான மற்றோர் ஆய்வில், 5 சதவீத எண்ணெய் கலந்த ஷாம்பூவை நான்கு வாரங்கள் பயன்படுத்தியவர்களின் பொடுகு 41 சதவீதம் குறைந்தது. மருந்தற்ற ஷாம்பூவைப் பயன்படுத்தியவர்களிடம் அது 11 சதவீதமே குறைந்தது. முகத்துக்கும் தலைக்கும் 5 சதவீதம் போதுமென்றால், அதைப் போல இருபது மடங்கு செறிவுள்ள தனி எண்ணெயைத் தடவுவதற்கு எந்தக் காரணமும் இல்லை.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. கால்விரல் இடுக்குகளில் வரும் பூஞ்சைத் தொற்றுக்கு 10 சதவீத கிரீம் தடவியவர்களுக்கு அரிப்பும் தோலுரிதலும் குறைந்தன. ஆனால் பூஞ்சையை ஒழிப்பதில் அது மருந்தற்ற கிரீமைவிடச் சிறந்து விளங்கவில்லை. பின்னர் 50 சதவீதக் கரைசலைக் கொண்டு செய்த ஆய்வில் 64 சதவீதத்தினருக்குத் தொற்று நீங்கியது. மருந்தற்ற கரைசல் பெற்றவர்களில் 31 சதவீதத்தினருக்கே நீங்கியது. அந்த உயர் செறிவு சிலருக்குத் தோல் அழற்சியையும் தந்தது. அரிப்பு அடங்கியதைக் கண்டு தொற்று தீர்ந்துவிட்டது என்று முடிவு செய்வதும், பலன் போதவில்லை என்று மருத்துவரைக் கேளாமல் செறிவைக் கூட்டிக்கொண்டே போவதும் இரண்டும் தவறே.

வீட்டில் நீர்க்கச் செய்பவர்கள் பெரும்பாலும் சொட்டுக்கணக்கை நம்புகிறார்கள். சொட்டின் அளவு புட்டிக்குப் புட்டி மாறும். 19 மில்லிலிட்டர் பாதாம் எண்ணெயிலோ ஜொஜோபா எண்ணெயிலோ 1 மில்லிலிட்டர் டீ ட்ரீ எண்ணெயை அளந்து கலந்தால் 5 சதவீதம் கிடைக்கும். ஊசியில்லாத சிரிஞ்சு இதற்கு மிகவும் உதவும். தண்ணீரில் கலப்பது பயன் தராது. நீரில் இது கரையாமல் மேலே மிதக்கும். குளியல் தொட்டியில் ஊற்றினால், உடலில் படுவது நீர்க்காத எண்ணெயாகவே இருக்கும்.

பலரும் அறியாத தவறு, பழைய எண்ணெயைத் தொடர்ந்து பயன்படுத்துவது. நான் மிகுதியாகக் கவலைப்படுவது இதைப் பற்றித்தான், ஏனெனில் இந்தக் கேடு கண்ணுக்குத் தெரிவதில்லை. காற்றும் ஒளியும் வெப்பமும் பட்டால் எண்ணெயிலுள்ள டெர்பினீன்கள் ஆக்ஸிஜனோடு வினைபுரிந்து பெராக்சைடுகளாகவும், அஸ்கரிடோல் போன்ற பொருள்களாகவும் மாறுகின்றன. புதிய எண்ணெயைவிட இவை தோல் ஒவ்வாமையை மிக அதிகமாகத் தூண்டக்கூடியவை. ஒவ்வாமை முதல் முறையிலேயே தோன்ற வேண்டும் என்பதுமில்லை. உடலின் எதிர்ப்பு மண்டலம் அப்பொருளை ஒருமுறை எதிரியாக அடையாளம் கண்டுகொண்டால், மாதக்கணக்கில் எந்தத் தொல்லையும் இன்றிப் பயன்படுத்தியவருக்கும் திடீரென்று சிவப்பும் நீர்க்கொப்புளமும் வரலாம். ஆகையால் சிறிய புட்டியாக வாங்கி, அடர்நிறக் கண்ணாடியில், இறுக மூடி, குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். திறந்த தேதியைப் புட்டியின் மேல் எழுதி வைப்பது நல்லது. பாதி காலியாகி நெடுநாள் கிடந்த புட்டியில் காற்று நிறைந்திருக்கும். அதைத் தோலுக்குப் பயன்படுத்தாமல் விட்டுவிடுவதே முறை. சில வகை நெகிழிகளை இந்த எண்ணெய் அரிக்கும் என்பதால் அவற்றில் ஊற்றி வைக்கவும் கூடாது.

புதிதாகத் தொடங்குபவர் நீர்த்த கலவையை முன்கையின் உட்புறத்தில் சிறிதளவு தடவிச் சில நாட்கள் கவனிக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் ஒன்றும் நிகழவில்லை என்று திருப்தி அடைவது போதாது, ஏனெனில் இவ்வகை ஒவ்வாமை வெளிப்பட இரண்டு மூன்று நாட்கள்கூட ஆகலாம்.

எந்த நிலையிலும் செய்யக் கூடாத தவறு, இதை விழுங்குவது. டீ ட்ரீ எண்ணெய் உள்ளே சென்றால் நஞ்சு. 10 மில்லிலிட்டருக்கும் குறைவாகக் குடித்துவிட்ட சிறு குழந்தைகள் குழப்பமடைந்து நடை தள்ளாடியதாகவும், பெரியவர்கள் நினைவிழந்ததாகவும் மருத்துவ இதழ்களில் பதிவுகள் உள்ளன. வாய்ப்புண்ணுக்கும் ஈறு வீக்கத்துக்கும் தனி எண்ணெயால் வாய் கொப்பளிப்பதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன். குழந்தை குடித்துவிட்டால், வாந்தி எடுக்க வைக்க முயலாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். செல்லப் பிராணிகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். உண்ணிக்காகவோ தெள்ளுப்பூச்சிக்காகவோ நாயின் மீதும் பூனையின் மீதும் தனி எண்ணெயைத் தடவியதால், அவற்றுக்கு நடுக்கமும் பின்னங்கால் தளர்ச்சியும் ஏற்பட்டிருக்கின்றன. இத்தகைய சேர்மங்களை உடலிலிருந்து வெளியேற்றும் திறன் பூனைக்கு மிகக் குறைவு, அது தன் உடலை நக்குவதால் விழுங்கவும் செய்யும்.

கண்ணுக்குள் இதை விடக் கூடாது. கண்ணிமை முடிகளில் வாழும் டெமோடெக்ஸ் என்ற நுண்பூச்சிக்கு எதிராக இந்த எண்ணெய் பயன்படுகிறது என்பது உண்மை. ஆனால் அது கண் மருத்துவரின் மேற்பார்வையில், அதற்கென்று தயாரித்த பொருளைக் கொண்டு செய்யப்படும் சிகிச்சை. செவிப்பறையில் ஓட்டை இருக்கலாம் என்பதால் காதிலும் விடக் கூடாது.

ஆய்வகத்தில் கிருமி செத்தது என்ற செய்தியை வைத்துக்கொண்டு சிகிச்சையைக் கைவிடுவதும் பெரிய தவறு. கண்ணாடித் தட்டில் கிருமியோடு நேரடியாக மோதும் எண்ணெய், உடலில் ஆழத்தில் இருக்கும் தொற்றை அதே செறிவில் சென்றடைவதில்லை. பல பாக்டீரியாக்கள் 1 சதவீதத்துக்கும் குறைவான செறிவிலேயே அடங்கினாலும், சூடோமோனாஸ் ஏரூஜினோசா போன்றவை கூடுதல் செறிவைத் தாங்கி நிற்கும். பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியாவை மூக்கிலிருந்து நீக்குவதில், 2004இல் வெளியான ஆய்வொன்றில் 10 சதவீத டீ ட்ரீ கிரீமைவிட முபிரோசின் என்ற மருந்தே சிறந்து விளங்கியது. பரவும் சிவப்பு, சீழ், காய்ச்சல், ஆழமான காயம், நீரிழிவு நோயாளியின் காற்புண் ஆகியவற்றுக்கு மருத்துவரே தேவை. கருவுற்றோரும் சிறு குழந்தைகளின் பெற்றோரும் பயன்படுத்தும் முன்பே அவரைக் கேட்டுவிட வேண்டும்.

வாங்கும்போது தாவரப் பெயரைப் பார்க்காமல் எடுப்பதும் அடிக்கடி நடக்கிறது. கமேலியா இனத்தின் விதையிலிருந்து பிழியப்படும் தேயிலை விதை எண்ணெய் முற்றிலும் வேறு பொருள். அதற்கு இந்தக் குணங்கள் கிடையாது. ஐஎஸ்ஓ 4730 என்ற பன்னாட்டுத் தரநிலை டெர்பினென்-4-ஆல் குறைந்தது எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை வரையறுக்கிறது. அந்தத் தரத்தைக் குறிப்பிடும் தயாரிப்பைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

எரிச்சலோ தடிப்போ தோன்றினால், எண்ணெய் வேலை செய்கிறது என்று பொறுத்துக்கொள்ளாமல் மென்மையான சோப்பால் கழுவிவிட்டு நிறுத்த வேண்டும். தடிப்பு தணியாவிட்டால் தோல் மருத்துவரிடம் புட்டியையும் எடுத்துச் செல்லுங்கள். சந்தேகப் பொருளைத் தோலில் ஒட்டிப் பார்க்கும் ஒட்டுச் சோதனையில் ஒவ்வாமை உறுதியானால், அந்த நபர் ஷாம்பூ, முகக்கழுவி, வியர்வை நாற்றம் போக்கும் பூச்சு என்று இந்த எண்ணெய் சேர்ந்த எல்லாவற்றின் பெயர்ச்சீட்டையும் இனிப் படித்தே வாங்க வேண்டியிருக்கும்.