‘எங்கள் மதமே எல்லோருக்கும் உண்மை’: இந்த வாதத்தை ஒழுங்காக நடத்தும் முறை

ஒரே ஒரு மதம் உலகத்தார் அனைவருக்கும் முழு உண்மையாக முடியுமா? வாசகர் வட்டத்திலோ கல்லூரியிலோ இந்தத் தலைப்பை எடுத்தால் கொஞ்ச நேரத்திலேயே குரல் உயர்ந்துவிடுகிறது. மூன்று கேள்விகளைச் சேர்த்து ஒன்றாகக் கேட்பதால் வரும் வினை இது. ஆகவே முதல் வேலை, அவற்றைப் பிரித்துப் பலகையில் எழுதுவது.

1. கடவுள், உயிர், வீடுபேறு பற்றி எல்லோருக்கும் பொதுவான உண்மை என்று ஒன்று உண்டா?
2. உண்டென்றால், அதை ஒரு மதம் மட்டுமே முழுதாகக் கண்டது என்று எப்படி நிறுவுவது?
3. நிறுவினாலும், ஏற்காதவர் மேல் அதற்கு என்ன உரிமை?

முதல் கேள்விக்கு ‘ஆம்’ என்றவர் இரண்டாவதிலும் வென்றுவிட்டதாக நினைத்துக்கொள்வார். மூன்றாவதற்கு அஞ்சுபவர் முதலாவதையே மறுப்பார். இரண்டும் பிழை. எந்தக் கேள்வியில் நிற்கிறோம் என்பதை நடத்துபவர் அடிக்கடி நினைவூட்ட வேண்டும்.

எட்டுப் பேர், இரண்டரை மணி நேரம் போதும். கடவுள் நம்பிக்கை இல்லாதவர் ஒருவராவது இருக்கட்டும். வெவ்வேறு நிலைப்பாடு உள்ளவர்களை இருவர் இருவராகச் சேர்த்து, ஒரு வாரம் முன்னதாகவே அரை மணி நேரம் பேசிக்கொள்ளச் சொல்லுங்கள். கூட்டத்தில் ஒவ்வொருவரும் தன் இணையின் கருத்தை மூன்று நிமிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். அதை இணை இரண்டு நிமிடத்தில் திருத்தலாம். இதற்கே நாற்பது நிமிடம் ஆகும். நேரம் போகிறதே என்று இதைச் சுருக்காதீர்கள். 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் தம் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில், பிற மதங்களை ஆராயும் பகுதியான பரபக்கத்தில், உலகாயதர் (கண்ணுக்குத் தெரியும் உலகமே உண்மை என்போர்), பௌத்தர், சமணர் முதலியோரை மறுக்கும்போது, முதலில் அவர்கள் மதத்தைச் சொல்லி, பிறகே மறுதலையைச் சொல்கிறார். எதிராளி ‘ஆம், இதுதான் என் கட்சி’ என்று ஒப்புக்கொள்ளாத எதையும் மறுப்பதில் பயனில்லை.

நூல் மேற்கோள்களில் இன்னொரு சிக்கல் வரும். ஆளுக்கொரு வரியைத் தூக்கி வருவார்கள். ஒரே நூலிலிருந்து இரு பக்கமும் பேசும் இடங்களைக் கொண்டுவர வேண்டும் என்று விதி வையுங்கள். குர்ஆன் 3:85 இஸ்லாம் அல்லாத மார்க்கம் ஏற்கப்படாது என்கிறது. 2:256 மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை என்கிறது. இவை முரணல்ல. முன்னது இரண்டாவது கேள்வியோடு சேரும், பின்னது மூன்றாவதோடு. என் வழியாக அன்றி யாரும் தந்தையிடம் வருவதில்லை என்று இயேசு சொல்லும் யோவான் 14:6ஐக் கிறித்தவ நண்பர் கொண்டுவந்தால், பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமாக உள்ள எதையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்ற இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் 1965ஆம் ஆண்டு அறிக்கையையும் சேர்த்துப் படியுங்கள்.

அடுத்து, தாராளமாகத் தோன்றும் கூற்றுகளைக் கவனியுங்கள். பிற தெய்வங்களை வணங்குவோரும் என்னையே வணங்குகிறார்கள், ஆனால் விதிப்படி அல்ல என்கிறது கீதை 9:23. ‘யாதொரு தெய்வங் கொண்டீர் அத்தெய்வமாகி ஆங்கே மாதொரு பாகனார் தாம் வருவர்’ என்கிறது சித்தியார்; எந்தத் தெய்வத்தை வணங்கினாலும் அதுவாக வருபவர் சிவனே என்பது பொருள். கேட்க இனிமைதான். ஆனால் ‘உங்கள் தொழுகை சிவனைச் சேர்கிறது’ என்று ஒரு முஸ்லிமிடம் சொல்லிப் பாருங்கள். அவருக்கு அது விருந்தோம்பலாகப் படாது. அரவணைக்கும் கூற்றும் எல்லோரையும் பற்றிய உண்மைக் கூற்றே. ‘எல்லா மதமும் ஒன்றே’ என்பவரையும் இதே தட்டில் நிறுத்துங்கள். குருடர்கள் யானையைத் தடவிய கதையை அவர் சொன்னால், முழு யானையையும் பார்த்த கண் யாருடையது என்று கேளுங்கள்.

இரண்டாவது கேள்விதான் கடினமானது; இதற்கு மட்டும் முப்பது நிமிடம் ஒதுக்குங்கள். இங்கே தேவைப்படுவது அளவை, அதாவது ஒன்றை உண்மை என்று அறியும் வழி. மணிமேகலை வஞ்சி நகரில் சமயவாதிகளைக் கேட்கும் காதையில் முதலில் பேசுபவர் அளவைவாதி. அதே காதையில் கண்ணால் கண்டதே உண்மை என்னும் பூதவாதியிடம், உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் எப்படி அறிவாய் என்று மணிமேகலை கேட்கிறாள். எதிராளியும் அன்றாடம் நம்பி நடக்கும் அளவையைக் கொண்டே மடக்குகிறாள். அந்த முறையைப் பின்பற்றுங்கள். ஒவ்வொரு கூற்றுக்கும் பக்கத்தில் காட்சி, அனுமானம், நூற்சான்று, சொந்த அனுபவம் என்று எது ஆதாரமோ அதை எழுதுங்கள். பிறகு, அதே வகை ஆதாரத்தை வேறு மதத்தவர் காட்டினால் ஏற்பீர்களா என்று கேளுங்கள். என் வேதம் உண்மை, ஏனெனில் என் வேதம் அப்படிச் சொல்கிறது என்பது இங்கே நின்றுவிடும். அற்புதங்களும் ஞான அனுபவமும் எல்லா மதங்களிலும் சொல்லப்படுவதால், அவற்றை வைத்து ஒன்றை மட்டும் தனித்து நிறுத்துவது மிகக் கடினம். ஒரு மதம் தன் கூற்று எல்லோருக்கும் உண்மை என்று நம்பலாம். ஆனால் எல்லோரும் ஏற்றாக வேண்டிய அளவில் எந்த மதமும் அதை நிறுவியதில்லை என்பதே எங்கள் முடிவு. மாற்றுக் கருத்துள்ளவர் மறுக்க வேண்டியது இந்த இடத்தைத்தான்.

மூன்றாவது கேள்வி இந்தியாவில் அரசமைப்பின் 25ஆம் பிரிவைத் தொடாமல் போகாது. மதத்தைப் பரப்பும் உரிமை அதில் உண்டு. 1977இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், இது கொள்கைகளை எடுத்துரைக்கும் உரிமை, இன்னொருவரை மதம் மாற்றும் உரிமையல்ல என்றது. அந்தத் தீர்ப்பு சரியா என்பதும் பேசத்தக்கதே. இருபத்தைந்து நிமிடத்துக்கு மேல் போகவிடாதீர்கள். யாராவது தன் குடும்பத்தில் நடந்த மதமாற்றத்தைப் பேசத் தொடங்கினால் வாதத்தை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். அதற்கு எதிர்வாதம் வைக்க யாரையும் அனுமதிக்க வேண்டாம்.

கடைசி இருபது நிமிடம் குறிப்புக்கு. ஒவ்வொரு நிலைப்பாட்டுக்கும் அதன் வலுவான வாதம் ஒன்று, அது இன்னும் பதில் சொல்லாத கேள்வி ஒன்று என்று எழுதி வாசியுங்கள். ‘நான் அப்படிச் சொல்லவில்லை’ என்று யாராவது சொன்னால், அவர் ஒப்பும்வரை அந்த வரியைத் திருத்திய பிறகே கூட்டத்தை முடியுங்கள்.