கத்தரிக்கோலும் கட்டத்தாளும் போதும்: வகுப்பறையில் டி.என்.ஏ. ரேகை

டி.என்.ஏ. ரேகை என்றால் மரபுச் செய்தியை எழுத்தெழுத்தாகப் படிப்பது என்றே பல மாணவர்கள் எண்ணுகிறார்கள். 1984 செப்டம்பரில் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் மரபியலாளர் அலெக் ஜெஃப்ரீஸ் கண்ட முறையோ, வெட்டிய துண்டுகளின் நீளத்தை ஒப்பிடுவதாகும். ஆகவே இதைக் காகிதத்திலேயே செய்து பார்க்கலாம்.

தந்தை, தாய், குழந்தை ஆகிய மூவருக்கும் ஆளுக்கு இரண்டு கட்டத்தாள் பட்டைகளை எடுத்துக்கொண்டு, கட்டத்துக்கு ஓர் எழுத்தாக (ஏ, டி, ஜி, சி என்பவையே டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகள்), 'டிடிஏசிஏ ஜிஜிசிசி' என்று தொடங்கி, நடுவில் 'ஏடிசி' என்பதைத் திரும்பத் திரும்ப எழுதி, 'ஜிஜிசிசி டிடிஏசிஏ' என்று முடியுங்கள். எளிமைக்காக ஓர் இழையை மட்டும் எழுதினால் போதும். தந்தையின் பட்டைகளில் 'ஏடிசி' 4 முறையும் 7 முறையும், தாயின் பட்டைகளில் 3 முறையும் 9 முறையும், குழந்தையின் பட்டைகளில் 4 முறையும் 9 முறையும் வரட்டும்.

இப்போது கத்தரிக்கோல்தான், குறிப்பிட்ட எழுத்துத் தொடரில் டி.என்.ஏ.வை வெட்டும் ஹே-3 நொதி. ஜிஜிசிசி வரும் இடமெல்லாம் ஜிஜி-க்கும் சிசி-க்கும் இடையே வெட்ட வேண்டும். பாடநூல்களில் அடிக்கடி வரும் ஈகோ ஆர்-1 நொதியை நான் வேண்டுமென்றே தவிர்த்தேன். அது இரு இழைகளையும் படிக்கட்டுபோல் வெட்டுவதால், தொடக்கத்திலேயே குழப்பம் வரும்.

நடுத்துண்டுகளை மட்டும் வண்ணப் பேனாவால் தீட்டுங்கள். ஆய்வகத்தில் இந்த வேலையைச் செய்வது புரோப், அதாவது திரும்ப வரும் தொடரில் ஒட்டி அதைக் காட்டிக்கொடுக்கும் அடையாளமிட்ட டி.என்.ஏ. துண்டு. அது ஒட்டாத ஓரத் துண்டுகள் படத்தில் தெரியாது.

அடுத்து, ஒரு தாளில் மேலிருந்து கீழாக 35 முதல் 1 வரை எண்ணிட்டு, மேலே எதிர்முனை, கீழே நேர்முனை எனக் குறித்தால், அதுவே ஜெல், அதாவது மின்சாரம் செலுத்தித் துண்டுகளை நீளவாரியாகப் பிரிக்கும் கூழ்ப்பலகை. பாஸ்பேட்டால் எதிர்மின்சுமை பெற்ற டி.என்.ஏ. நேர்முனையை நோக்கி நகரும்போது, சிறிய துண்டுகள் ஜெல்லின் நுண்துளைகளில் எளிதாக நுழைந்து அதிக தூரம் செல்கின்றன. ஒவ்வொரு வண்ணத் துண்டின் எழுத்துகளையும் எண்ணி, அந்த எண்ணுக்கு நேரே கோடிடுங்கள். தந்தைக்கு 16, 25. தாய்க்கு 13, 31. குழந்தைக்கு 16, 31 என்று வந்தால் சரியாக வெட்டியிருக்கிறீர்கள்.

பெற்றோரின் நான்கு கோடுகளும் குழந்தையிடம் இல்லையே என்று யாராவது கேட்பார்கள். குழந்தையின் இரண்டு பட்டைகளில் ஒன்று தந்தையிடமிருந்தும் மற்றொன்று தாயிடமிருந்தும் வருவதால், ஒரு கோடு தந்தையோடும் மற்றொன்று தாயோடும் பொருந்துவதே இங்கே தேவை. 1985-இல் பிரிட்டன் குடியேற்ற வழக்கொன்றில், பிரிட்டனில் பிறந்து கானாவுக்குச் சென்று திரும்பிய சிறுவன் அந்தத் தாயின் மகனே என்று நிறுவ உதவியதும் இத்தகைய ஒப்பீடுதான்.

கடைசியாக, 16, 22 என்ற கோடுகளுடன் ஓர் அயலாரைச் சேர்த்து, அவர் தந்தையாக இருக்க முடியுமா என்று கேளுங்கள். டி.என்.ஏ.வின் இந்த ஒரே இடத்தை மட்டும் வைத்து அவரை விலக்க முடியாது. அப்போது, வேறு எழுத்துத் தொடர் திரும்ப வரும் இரண்டாவது பட்டைத் தொகுதியை மாணவர்களே உருவாக்கட்டும். குற்றவிசாரணைக்கான அமெரிக்க டி.என்.ஏ. தரவுத்தளத்தில் 2017 முதல் இப்படி 20 இடங்கள் பார்க்கப்படுகின்றன.