தக்காளிக்குக் கம்பி ஊன்றும் விதம்

2016 டிசம்பர் 12, வர்தா புயல். திருவொற்றியூரில் எங்கள் மொட்டைமாடியில் ஊன்றியிருந்த மூங்கில் குச்சி அத்தனையும் மண்மட்டத்தில் முறிந்துபோனது. பிடுங்கிப் பார்த்தால் அடியெல்லாம் மக்கியிருந்தது. அன்றோடு வீடு கட்டும் கம்பிக்கு மாறிவிட்டேன்.

8 எம்எம் கம்பி போதும். 6 எம்எம் காய்ப் பாரத்துக்குச் சாயும். 10 எம்எம் கம்பியை வளைப்பதற்குள் தோள் போய்விடும். முழுக் கம்பி 40 அடி, நாலே முக்கால் கிலோ இருக்கும். கடையிலேயே ஆறரை அடிக்கு ஒன்றாக ஆறு துண்டு போடச் சொல்லுங்கள். கம்பியின் மேல் வரிவரியாக இருப்பது நமக்கு நல்லது. கட்டிய துணி சறுக்கி இறங்காது.

நேர்க்கம்பியை அப்படியே செடி வளர்க்கும் பைக்குள் குத்தினால் அடி கிழியும், தென்னைநார்க் கலவையில் நிற்காமல் ஆடும். அதனால் கீழ் 10 அங்குலத்தை ‘ட’ மாதிரி மடக்கிப் பாதம் வைக்கிறேன். கம்பி கட்டும் பக்கத்து வீட்டு அண்ணன் காட்டிக்கொடுத்தது இது. தடிப்பலகையில் அடித்த இரண்டு பெரிய ஆணிக்கு நடுவே கம்பியைக் கொடுத்து, நீண்டிருக்கும் பக்கத்தில் ஒன்றரை அடி ஜிஐ பைப்பை மாட்டி மெல்ல இழுக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் ஆணி பிடுங்கிக்கொள்ளும். பாதத்தைக் காலிப் பையின் அடியில் படுக்கவைத்து, அதன்மேல் மண்ணைக் கொட்டுங்கள். செடி வளர்ந்த பிறகு இதைச் செய்ய முடியாது.

மேல்முனையைக் கட்டாயம் வளையமாகச் சுருட்டுங்கள். கத்திரிக்காய் பறிக்கக் குனிந்தபோது, வெட்டிய முனை என் கண்ணோரம் கீறிவிட்டது. ஒரு விரற்கடை தள்ளியிருந்தால் பார்வை போயிருக்கும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இதில் சமரசமே வேண்டாம்.

கடற்காற்றுக்குத் துரு சீக்கிரம் ஏறும். உப்புத்தாளால் தேய்த்து, துரு தடுக்கும் ரெட் ஆக்சைடு பெயிண்ட் ஒரு கோட், காய்ந்ததும் எனாமல் இரண்டு கோட். ஈரமும் காற்றும் சேரும் மண்மட்டத்தில்தான் முதலில் அரிக்கும். அந்த அரை அடிக்கு இன்னொரு கோட் கொடுங்கள்.

மே வெயிலில் கம்பி சுடும், தண்டு அதில் உரசக்கூடாது. பழைய பருத்திப் புடவையைக் கிழித்து, கம்பிக்கும் தண்டுக்கும் நடுவே ஒரு முறுக்கு விட்டு, சுண்டுவிரல் நுழையும் அளவு தளர்வாகக் கட்டுங்கள். மெல்லிய கட்டுக்கம்பியால் கட்டாதீர்கள், தண்டு பருத்ததும் அறுத்துவிடும்.