டேப்லெட்டில் பழைய சூப்பர் ஹீரோ: இதையெல்லாம் செய்யாதீர்கள்

வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொளத்தூர் பக்கம் காமிக்ஸ் சேர்த்து வைத்திருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், 2015 வெள்ளத்திலோ 2023 மிக்ஜாம் புயலிலோ ஒரு பெட்டியாவது தண்ணீரில் போன கதை இருக்கும். நனைந்த நியூஸ்பிரிண்ட்டை மொட்டை மாடியில் காயவைத்தால் அப்பளமாகத்தான் திரும்பி வரும். அதனால் பழையதையெல்லாம் டிஜிட்டலில் படிக்கலாம் என்று கிளம்புவது சரியான முடிவுதான். ஆனால் நாலு இதழ் புரட்டிவிட்டு, 'இதுக்குப் போயா சின்ன வயசுல அடிச்சுக்கிட்டோம்' என்று மூடிவைத்துவிடுகிறார்கள். பாதி நேரம் கதைமேல் குற்றமில்லை, படிக்கிற விதத்தில்தான் கோளாறு.

பெரிய தவறு, போனில் கட்டம் கட்டமாகப் படிப்பது. அமெரிக்க காமிக்ஸ் பக்கம் 10 இன்ச்சுக்கு மேல் உயரம். அதைப் போனில் அடைத்தால் எழுத்து தெரியாது என்பதால், ஒவ்வொரு கட்டத்தையும் திரை முழுக்கப் பெரிதாக்கிக் காட்டும் வசதியை ஆப்பிலேயே வைத்திருக்கிறார்கள். விம்கோ நகரில் மெட்ரோ ஏறி சென்ட்ரல் வருவதற்குள் ஒரு இதழ் முடிந்துவிடும், வசதிதான். ஆனால் 1966 பிப்ரவரி தேதியிட்ட அமேஸிங் ஸ்பைடர்மேன் 33-ஆம் இதழை அப்படிப் படித்துவிடாதீர்கள். ஸ்பைடர்மேன் ஒரு ராட்சத இயந்திரத்துக்கு அடியில் நசுங்கிக் கிடக்கிறான், மேலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, மே சித்தியைக் காப்பாற்றும் மருந்து கண்ணுக்கு எட்டுகிறது, கைக்கு எட்டவில்லை. ஓவியர் ஸ்டீவ் டிட்கோ அவனைச் சின்னச் சின்னக் கட்டங்களுக்குள் போட்டு அமுக்கி வைத்துக்கொண்டே வந்து, அவன் அதைத் தூக்கும் இடத்தில் ஒரு முழுப் பக்கத்தையும் அப்படியே திறந்து விடுகிறார். போன் என்ன செய்கிறது? சின்னக் கட்டத்தையும் முழுப் பக்கத்தையும் ஒரே அளவில் காட்டுகிறது. அவ்வளவு பாரமும் போய்விட்டது, அப்புறம் தூக்கி என்ன பயன்? 10 இன்ச் டேப்லெட், முழுப் பக்கம், எழுத்து சிறிதாக இருந்தால் அந்த இடத்தில் மட்டும் ஜூம். டேப்லெட் இல்லையென்றால் வீட்டு கம்ப்யூட்டர் திரையே போதும். மெட்ரோவில்தான் படிப்பேன் என்றால் முன்பே டவுன்லோடு செய்துகொள்ளுங்கள், தண்டையார்பேட்டையில் ரயில் சுரங்கத்துக்குள் போய்விடும்.

அடுத்தது நிறம். அந்தக் கால வண்ணங்கள் மட்டமான தாளுக்காகப் போடப்பட்டவை, மையைத் தாள் குடித்து நிறம் மங்கும் என்று தெரிந்தே அடர்த்தியாகப் போட்டார்கள். அதே வண்ணங்களைக் கம்ப்யூட்டரில் நிரப்பி, பளபளக்கும் போன் திரையில் முழு வெளிச்சத்தில் பார்த்தால் கண் கூசும். வெளிச்சத்தைக் குறைத்து, இரவு நேர மஞ்சள் ஒளியைப் போட்டுக்கொள்ளுங்கள், எவ்வளவோ பரவாயில்லை. இன்னொன்று, நீங்கள் வாங்குவது எந்தப் பதிப்பு என்று பாருங்கள். பேட்மேனின் தி கில்லிங் ஜோக் 1988-இல் வந்தபோது ஜான் ஹிக்கின்ஸ் போட்ட நிறம் வேறு, 2008 பதிப்புக்காக ஓவியர் பிரையன் போலண்ட் தானே திரும்பப் போட்ட நிறம் வேறு. கதை ஒன்றுதான், மனநிலை ஒன்றில்லை. ஹல்க்கும் அப்படித்தான், 1962-இல் வந்த முதல் இதழில் சாம்பல் நிறம். அச்சில் அந்தச் சாம்பல் பக்கத்துக்குப் பக்கம் மாறியதால் இரண்டாம் இதழிலிருந்து பச்சையாக்கினார்கள், பிறகு மறுபதிப்பு போட்டவர்கள் முதல் இதழையும் பச்சையாக்கிவிட்டார்கள்.

தமிழில் படித்து வளர்ந்தவர்களுக்கென்றே ஒரு வலை இருக்கிறது. சென்ட்ரல் பக்கம் மூர் மார்க்கெட்டில் பொறுக்கிய முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் ஞாபகத்தோடு ஆங்கில மூலத்தைத் திறப்பார்கள். இரும்புக்கை மாயாவி என்றால் நமக்கு நல்லவர். மூலத்தில் லூயிஸ் கிராண்டெல் என்ற பெயரில் வரும் அவர், ஆரம்பத்தில் தலைக்கனம் ஏறித் திருட்டில் இறங்கிய ஆள். போதாக்குறைக்கு, அது 1962 முதல் வேலியண்ட் என்ற பிரிட்டிஷ் வாரப் பத்திரிகையில் வாரம் சில பக்கங்களாக வந்த தொடர். சில பக்கங்களுக்கு ஒரு முறை யாராவது மலையுச்சியில் தொங்கத்தான் செய்வார்கள், அடுத்த வாரம் வாங்க வைக்கவேண்டுமே. ஒரே மூச்சில் 100 பக்கம் படித்துவிட்டு 'ஓவர்' என்று சொல்வது நியாயமில்லை. குற்றவாளி நாயகன் ஸ்பைடரையும் (மார்வெல் பையன் இல்லை, நம்ம கூர்க்காது ஆசாமி) இந்தக் கண்ணோடு பாருங்கள். அவர் கதைகளில் பலவற்றை எழுதியவர் ஜெர்ரி சீகல், சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர். இது தெரிந்து படித்தால் அந்த அளவுகடந்த கற்பனை எங்கிருந்து வருகிறது என்று புரியும்.

வேதாளர் (ஆங்கிலத்தில் ஃபேண்டம்) ரசிகர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியப் பதிப்பில் டெங்காலி என்று படித்த நாடு மூலத்தில் பெங்காலா, இங்கே வேறு பெயரில் வந்த கொள்ளையர்கள் அங்கே சிங் கொள்ளையர்கள். பழைய கதைகளில் ஆப்பிரிக்கரையும் ஆசியரையும் காட்டியிருக்கும் விதம் முகம் சுளிக்க வைக்கும். குழந்தைகளிடம் கொடுக்கும் முன் ஒரு முறை நீங்கள் பார்த்துவிடுவது நல்லது. தினசரி நாளிதழ் தொடர் என்பதால் கட்டங்கள் குறுக்கே ஓடும், டேப்லெட்டைப் படுக்கவைத்துப் படியுங்கள்.

ஒன்றாம் இதழிலிருந்து எல்லாவற்றையும் வரிசையாக முடிப்பேன் என்று சபதம் எடுக்காதீர்கள். மாதம் ஒரு இதழ் வாங்கும் சிறுவனுக்காக எழுதியது, முன்கதையை ஒவ்வொரு முறையும் திரும்பச் சொல்வார்கள். ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று போதும். ஐம்பதுகளின் பேட்மேன் வேற்றுக்கிரகவாசிகளோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்து நொந்துபோனால், குற்றத்தையும் கொடூரத்தையும் காட்டவிடாமல் 1954-இல் வந்த காமிக்ஸ் கோட் என்ற கட்டுப்பாட்டை நினைத்துக்கொண்டு எழுபதுகளுக்குத் தாவிவிடுங்கள்.

கடைசியாகப் பணம். டிஜிட்டலில் வாங்கினால் புத்தகம் உங்களுடையது என்று நினைக்கவேண்டாம், பெரும்பாலும் படிக்க அனுமதிதான். காமிக்ஸாலஜி என்ற டிஜிட்டல் காமிக்ஸ் கடை 2022-இல் அமேசானின் கிண்டிலோடு இணைக்கப்பட்டபோது, வருடக்கணக்கில் வாங்கிச் சேர்த்தவர்கள் தங்கள் அலமாரி தலைகீழானதாகப் புலம்பினார்கள். சந்தா கட்டுவதற்கு முன் அந்தச் சேவை இந்தியாவில் வேலை செய்கிறதா, உங்களுக்கு வேண்டிய தொடர் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். டெலிகிராமில் சுற்றும் ஸ்கேன்களை நம்பாதீர்கள். திருட்டு என்பது ஒரு பக்கம், பக்கம் விட்டுப்போய், கோணலாக, ஓரம் வெட்டி வரும். இலவசமாகத்தான் வேண்டும் என்றால் டிஜிட்டல் காமிக் மியூசியத்தில் அமெரிக்காவில் காப்புரிமை முடிந்த நாற்பதுகளின் இதழ்கள் நிறைய இருக்கின்றன, பிளாக் டெரர் என்ற அந்தக் கால சூப்பர் ஹீரோவிலிருந்து தொடங்கலாம். கோப்பு சி.பி.இசட். அல்லது சி.பி.ஆர். ஆக வரும், ஒரு காமிக்ஸ் ரீடர் ஆப் போட்டால் திறந்துவிடும், பி.டி.எஃப். ஆக்குகிறேன் என்று படத்தை நசுக்கிவிடாதீர்கள்.